ஆற்றின் கடைமடையில் ஒரு துறைமுகம்

தூத்துக்குடியின் குடிநீர்த் தட்டுப்பாட்டை மழைக்குறைவின் விளைவாகவே கண்டு விளக்குவது வழக்கமாக இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழையே பெறுகிற, அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையின் சில நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிற ஓர் ஊருக்கு இந்த விளக்கம் பொருந்தாது என்று சொல்ல முடியாது. எனினும் இதே வானத்தின் கீழுள்ள உள்நாட்டு ஊர்கள் பல, குளத்தையும் கிணற்றையும் கொண்டு நெடுங்காலம் தங்கள் தேவையைச் சமாளித்து வந்திருக்க, தூத்துக்குடி மட்டும் இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியிலேயே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் மேற்கே சென்று தாமிரபரணியில் பங்கு கேட்க நேர்ந்தது. இதற்கான காரணம் வானத்தைவிட நிலத்தில்தான் மிகுதியாக இருக்கிறது. தூத்துக்குடியை எவை துறைமுகமாக்கினவோ, எவை அதன் சுற்றுப்புறத்தை உப்பளமாக்கினவோ, அவையே அதற்கு நல்ல தண்ணீர் இல்லாமலும் ஆக்கின. ஆகவே இந்நகரின் குடிநீர் வரலாறு என்பது தொடக்கம் முதலே பிறர் உரிமை கொண்டாடும் ஆற்றில் தனக்கும் ஓர் இடம் தேடிய வரலாறாகவே அமைந்துவிட்டது.

இக்கடற்கரையின் பழைய துறைமுகங்கள் ஆற்றின் வாயை ஒட்டியவை. பாண்டியரின் முத்துத்துறையான கொற்கை தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் இருந்தது. ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் விலகிப்போக, இன்று அவ்வூர் கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயலுக்கும் இதே கதி நேர்ந்தது. 1881-இல் திருநெல்வேலி மாவட்டத்தின் வரலாற்றை எழுதி வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல், இவ்விரண்டு ஊர்களிலும் அகழ்ந்து பார்த்து, துறைமுகங்கள் ஆற்று மண்ணால் தூர்ந்து இடம்பெயர்ந்த கதையை விளக்கியிருக்கிறார். இத்துறைகளில் குடிநீர் பெருஞ்சிக்கலாக இருந்திருக்க வாய்ப்பில்லை. அவற்றை அழித்தது நீர் கொண்டுவந்த மண்தான். தூத்துக்குடியின் நிலை இதற்கு நேர்மாறானது. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலுக்கு வடக்கே, ஆற்று வண்டல் எளிதில் எட்டாத தொலைவில், முயல் தீவு, வான் தீவு முதலிய சிறு தீவுகள் அலையைத் தடுத்து நிற்க, தோணிகள் அமைதியாக நங்கூரமிடத்தக்க இடமாக அது இருந்தது. 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் அதைக் கைப்பற்றியதற்கும், பிறகு ஆங்கிலேயர் அதை விடாமல் வைத்துக்கொண்டதற்கும் இந்த அமைதியான துறையே முதற்காரணம். துறைமுகம் தூராமலிருக்க ஆறு விலகி இருக்கவேண்டும். ஆறு விலகி இருந்தால் குடிக்கத் தண்ணீர் இருக்காது. இந்த முரண்பாட்டோடுதான் நகரம் வளர்ந்தது.

நிலத்தடி நீர் ஏன் கைகொடுக்கவில்லை என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கடற்கரை மணலில் பெய்யும் மழை, கீழே ஊறி நிற்கும் கடல்நீரோடு உடனே கலந்துவிடுவதில்லை. கடல்நீரைவிட அடர்த்தி குறைந்ததாகையால் அதன்மேல் மிதக்கிறது. நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்திருக்கும் இந்த மிதக்கும் நன்னீரை நிலநீரியலார் ‘நன்னீர் வில்லை’ என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுப் பொறியாளர் கைபெனும், சில ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கமே முக்கியமானது: இறைப்பதனால் மேல்மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால், உப்புநீர் அடியிலிருந்து 40 மீட்டர் மேலேறி வரும். ஆகவே இக்கரையில் ஆழ்குழாய் தோண்டத் தோண்ட நீர் பெருகாது, உப்புத்தான் பெருகும். திருச்செந்தூரில் கடலுக்கு மிக அருகிலேயே நாழிக்கிணற்றில் நல்ல நீர் ஊறுவதைப் பக்தர்கள் முருகன் அருளாகக் காண்கின்றனர். தென்பகுதியின் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளும் கடற்கரை மணல்மேடுகளும் மழையை உறிஞ்சித் தேக்கிவைக்கும் திறன் கொண்டவை என்பதும், சிறு கிணற்றில் மெல்ல எடுக்கும்வரை வில்லை கலங்காது என்பதும் அதன் நிலவியல் விளக்கம். மணலில் கையால் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பிய பழைய முறை நிலத்துக்கு ஏற்ற முறைதான்; ஆனால் அது ஒரு மீனவக் குடியிருப்புக்குப் போதுமே தவிர, மேடு தாழ்ந்து மணல் மெலிந்த இடத்தில் எழுந்த ஒரு நகரத்துக்குப் போதாது.

உப்பளங்கள் இதற்குக் கண்முன் சான்று. குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் மிகுதியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக் கரையைச் சேர்ந்தது. வெயிலும் காற்றும் மழையற்ற நீண்ட மாதங்களும் மட்டுமே இதற்குக் காரணமல்ல. இங்குள்ள அளங்களில் பல கடல்நீரை நம்பாமல், நிலத்துக்கடியிலிருந்து இறைக்கும் உப்புநீரையே பாத்திகளில் விட்டு உப்பெடுக்கின்றன. கடல்நீரைவிட அடர்ந்த உப்புநீர் நிலத்தடியில் கிடைக்கும் இடங்களில் உப்பு விரைவில் பூக்கிறது. நீரில் கரைந்திருக்கும் உப்புகள் அனைத்தின் மொத்த அளவைக் ‘கரைதிடம்’ என்பர். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராமை விரும்பத்தக்க அளவாகவும், வேறு வழியே இல்லாதபோது 2,000 மில்லிகிராமைப் பொறுக்கத்தக்க எல்லையாகவும் வைத்திருக்கிறது. கடல்நீரில் அது ஏறத்தாழ 35,000. நிலத்தடியிலிருந்து உப்பெடுத்துப் பிழைக்கும் ஊரில், அதே நிலத்தடியிலிருந்து குடிநீரும் எடுக்கலாம் என்று நம்ப இடமில்லை. புழங்குவதற்கு உப்புத்தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும் நல்லதண்ணீர் என்று ஒவ்வொரு வீடும் இரண்டு தண்ணீரை இரண்டு பாத்திரங்களில் வைத்துப் பழகியது இதனால்தான்.

முத்துக்குளிப்பு இந்தத் தட்டுப்பாட்டை ஆண்டின் மிக மோசமான பருவத்துக்கு இழுத்துவந்தது. சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பு, மன்னார் வளைகுடா அமைதியாக இருக்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களை ஒட்டியே நடைபெறும்; கரையில் கிணறுகள் வற்றத் தொடங்கும் காலமும் அதுவே. பரதவர் குளியாளிகள், மரைக்காயர் வணிகர்கள், படகோட்டிகள், சிப்பி ஏலம் எடுக்க வருவோர், அரசின் காவலர் எனப் பல்லாயிரவர் வெறும் மணலில் ஓலைக் கொட்டகைகளில் சில வாரங்கள் கூடி வாழ்வர், சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பதே முறையாகையால் முகாம் முழுதும் நாறும், ஈ மொய்க்கும். கழிவும் குடிநீரும் ஒரே மணலில் கலந்த இத்தகைய முகாம்களில் காலரா தோன்றுவது அரிய நிகழ்வன்று. முத்தின் வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் முத்துச்சிப்பிகள் வளரும் கடலடிப் பாரின் வளத்தையும் ஏலத் தொகையையும் எண்ணியிருக்கிறார்கள். அங்கே கூடியவர்கள் எதைக் குடித்தார்கள் என்பதைக் கேட்டவர்கள் குறைவு. இந்திய அரசின் கீழ் 1955-இல் மீண்டும் தொடங்கிய குளிப்பு 1961-உடன் நின்றது. அதன்பின் பாரில் சிப்பி போதிய அளவு சேரவில்லை.

நிலையான நகரத்தின் தேவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உருவெடுத்தது. 1866-இல் நகராட்சி அமைந்தது. 1876-இல் ரயில் வந்தது. கொழும்புக்குச் செல்லும் பயணிகளும் தோட்டத் தொழிலாளரும் இத்துறை வழியே கடல் கடந்தனர். பருத்தி அழுத்தும் ஆலைகளும், 1908-இல் வ.உ.சிதம்பரனார் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தால் புகழ்பெற்ற கோரல் நூற்பாலையும் எழுந்தன. தொழிலாளர் குடியிருப்புகள் பெருக, கிணறுகளும் ஊற்றுகளும் ஈடுகொடுக்க முடியாமல் போயின. நகராட்சித் தலைவராகப் பலமுறை பொறுப்பேற்ற குரூஸ் பர்னாந்து (1869–1930), வறண்ட ஆண்டுகளில் ரயிலில் தண்ணீர் வரவழைத்து வழங்கியதாக நகரத்தார் சொல்வதுண்டு. அவர் பெயரை நிலைநிறுத்தியது வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய் வழியே நகருக்குக் கொண்டுவந்த திட்டம். பரதவர் குலத்தில் பிறந்து, ஆங்கில அரசின் ராவ் பகதூர் பட்டம் பெற்ற அவருக்குத் தூத்துக்குடியில் சிலையும், அண்மையில் மாநில அரசு எழுப்பிய மணிமண்டபமும் உள்ளன. குடிநீர்க் குழாய் போட்டதற்காக ஒரு நகராட்சித் தலைவரை மூன்று தலைமுறை கடந்தும் ஊரின் தந்தை என்று கொண்டாடும் நகரங்கள் தமிழ்நாட்டில் மிகச் சிலவே இருக்கும்.

அக்குழாய் எந்த ஆற்றில் போய் நின்றது என்பதை இனிப் பார்க்கவேண்டும். பொதிகை மலையில் பிறந்து ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடும் தாமிரபரணி, தென்மேற்குப் பருவமழையாலும் வடகிழக்குப் பருவமழையாலும் ஒருசேர நீர் பெறுவதால், முழுவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் ஆறுகளில் வற்றாதது என்ற பெயர் பெற்றது. கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அதில் குறுக்கே நிற்கின்றன. இவற்றை அணை என்று சொன்னாலும் பெருமளவு நீரைத் தேக்கிவைப்பவை அல்ல. ஆற்று மட்டத்தைச் சற்று உயர்த்தி, இரு பக்கமும் உள்ள கால்வாய்களில் நீரைத் திருப்பிவிடும் கற்சுவர்கள். முதல் ஏழும் பழமையானவை. கடைசியான திருவைகுண்டம் அணைக்கட்டு 1870-களில் ஆங்கிலேயர் கட்டி முடித்தது. பதினொரு கால்வாய்களின் வழியே 86,107 ஏக்கர் நிலம் கார், பிசானம் என்ற இரு போகங்களுக்குப் பாசனம் பெறுகிறது என்பது அரசுக் கணக்கு. தலைமடைக்கு முதலில், கடைமடைக்குக் கடைசியில் என்பது ஆற்று நீர்ப் பங்கீட்டின் இயல்பான வரிசை. திருநெல்வேலியைக் கடந்து வல்லநாட்டில் நீரெடுக்கும் தூத்துக்குடி, இந்த வரிசையில் ஏறக்குறைய இறுதியில் வந்து சேர்ந்தது. அது மட்டுமன்று, திருவைகுண்டம் வடகால் நீரில் கடைசியாக நிறையும் குளங்களுள் ஒன்றான கோரம்பள்ளம், நகரின் விளிம்பிலேயே இருக்கிறது. பாசனத்திலும் குடிநீரிலும் ஆற்றின் வால் நுனி ஒரே இடத்தில் முடிகிறது.

ஆற்றிலிருந்து நகருக்கு நீரெடுக்கும் முறையும் கவனத்துக்குரியது. தாமிரபரணியை நம்பிய பல குடிநீர்த் திட்டங்களில் ஓடும் நீரை நேரடியாக உறிஞ்சுவதில்லை. ஆற்று மணலில் உறைகிணறுகள் இறக்கி, மணலின் வழியே ஊறிவரும் நீரையே இறைத்து, நீரேற்று நிலையத்துக்கு அனுப்புகின்றனர். பல மீட்டர் மணல் இயற்கை வடிகட்டியாக நின்று கலங்கலையும் நுண்ணுயிரிகளையும் பெருமளவு தடுத்துவிடுவதால், குளோரின் கலந்தாலே பெரும்பாலும் போதுமானதாகிறது. ஆற்றில் மேலோட்டமாக நீர் குறைந்த நாள்களிலும் மணலுக்குள் நீர் நிற்கும். ஆகவே ஆற்று மணல் இக்குடிநீர் அமைப்பின் ஒரு பாகமே. எந்த ஒப்பந்தத்திலும் விலை குறிக்கப்படாத பாகம். மணல் அள்ளப்பட்டால் ஆற்றுப் படுகை தாழ்ந்து, உறைகிணற்றின் சுவர் வெளியே தெரிய, ஊறும் நீரின் தரமும் அளவும் ஒருங்கே குறைகின்றன. திருவைகுண்டத்தில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு தாமிரபரணி மணற்கொள்ளையை எதிர்த்துத் தாமே வாதாடிய வழக்கில், 2010 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அங்கு மணல் அள்ளத் தடை விதித்தது. அது சூழலியல் வழக்காகவே பேசப்பட்டது. தூத்துக்குடியின் நீர் வழங்கல் கணக்கில் அதைக் குடிநீர் வழக்காகவும் எண்ணவேண்டும்.

நாடு விடுதலை அடைந்தபின் ஆற்றில் மூன்றாவது பங்காளியாகத் தொழிற்சாலைகள் வந்தன. 1974-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஸ்பிக் உர ஆலை, கனநீர் ஆலை, அனல் மின் நிலையம் ஆகியவை அதைச் சூழ எழுந்தன. இவற்றுக்காகத் திருவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன் நீர் எடுக்கும் திட்டம் நிறைவேறியது. ஆங்கிலத் தலைப்பெழுத்துகளால் ‘20 எம்.ஜி.டி. திட்டம்’ என்றே அது மாவட்டத்தில் அறியப்படுகிறது. காலன் கணக்கு இன்றைய வாசகருக்குப் பழக்கமற்றது; அளவு என்னவென்று லிட்டரில் பார்த்தால்தான் புரியும். பிரிட்டிஷ் காலன் ஒன்று 4.546 லிட்டர்; எனவே திட்டத்தின் முழுத்திறன் நாளுக்கு ஏறக்குறைய 9 கோடி லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வழங்கவேண்டும் என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் நெறி; நான்கு லட்சம் மக்கள் என்று கொண்டால்கூட நகருக்கு அந்நெறிப்படி வேண்டியது 5 கோடியே 40 லட்சம் லிட்டர். அதாவது ஆலைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரே ஒரு குழாயின் திறன், நகரம் முழுவதும் நிறைவாகக் குடித்துக் குளிப்பதற்கு வேண்டிய அளவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இந்த ஒதுக்கீட்டுக்கு எதிரான வாதம் உழவர்களிடமிருந்து வந்தது; நகரத்தாரிடமிருந்து அவ்வளவாக வரவில்லை. கடைமடை வயல்கள் கார் போகத்தை இழந்துகொண்டிருக்க, அணைக்கட்டில் சேர்ந்த மண் தூர்வாரப்படாமல் கிடக்க, ஆலைக் குழாயில் மட்டும் நீர் தவறாமல் ஓடுவதாக அவர்கள் குற்றஞ்சாட்டினர். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று, 2015-இல் திருவைகுண்டம் அணைக்கட்டில் தூர்வாரும் பணி தீர்ப்பாயத்தின் ஆணையால் தொடங்கியது. ஆலைகளுக்கு நீர் தரும் திட்டமும் அத்தீர்ப்பாயத்தின் முன் கேள்விக்குள்ளானது. ஏறக்குறைய அதே காலத்தில், மேலே கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் குளிர்பான ஆலைகள் தாமிரபரணி நீரெடுப்பதற்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்து, 2017 மார்ச்சில் அதை நீக்கியது. குளிர்பான ஆலைகள் பெறுவது உபரி நீரே என்று அப்போது வாதிடப்பட்டது. 20 எம்.ஜி.டி.யும் வேறு பல ஒதுக்கீடுகளும் இதே உபரி என்ற கணக்கின் பெயரால்தான் நியாயப்படுத்தப்பட்டுள்ளன. ஆற்றில் உபரி என்பது வெள்ளக்காலத்து அளவு. குழாய்த் திட்டமோ வெள்ளத்தில் மட்டும் இயங்கி வறட்சியில் நின்றுவிடுவதில்லை. ஆண்டுச் சராசரியில் உபரியாகத் தோன்றுவது, சித்திரையில் கடைமடையில் நிற்பவருக்குப் பற்றாக்குறையாகவே தெரியும். 1987, 2002 ஆண்டுகளின் தேசிய நீர்க் கொள்கைகள் குடிநீருக்கு முதலிடமும் பாசனத்துக்கு இரண்டாமிடமும் தந்து தொழிலைப் பின்னே நிறுத்தியிருக்கின்றன. ஆனால் கொள்கையின் வரிசை வேறு, குழாயின் வால்வைத் திறக்கும் வரிசை வேறு. நீதிக்காகச் சொல்லவேண்டிய ஒன்று: ஆலைகள் எல்லாம் நீரை வீணடித்தன என்பதும் சரியன்று. அனல் மின் நிலையம் குளிர்விப்பதற்குக் கடல்நீரைக் கொள்கிறது. ஸ்பிக் நிறுவனத்தின் நீர்த்தேக்கத்தின்மேல் 2022-இல் திறக்கப்பட்ட மிதக்கும் சூரிய மின்நிலையம், மின்சாரம் தருவதோடு ஆவியாகும் நீரையும் மிச்சப்படுத்துகிறது.

நகருக்குள் நிலைமை வேறொரு வகையில் சிக்கலானது. 2008-இல் மாநகராட்சியான தூத்துக்குடி, பின்னர் மீளவிட்டான், முத்தையாபுரம், அத்திமரப்பட்டி, சங்கரப்பேரி முதலிய சுற்றுப்புறங்களை இணைத்துக்கொண்டபோது, ஏறக்குறைய 13 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 90 சதுர கிலோமீட்டராகப் பெருகியது. பழைய நகரத்துக்கெனப் போடப்பட்ட குழாய்களின் முனையில் புதிய குடியிருப்புகள் வந்து தொங்கின. வல்லநாட்டிலிருந்து முதல் குழாய், இரண்டாம் குழாய், மூன்றாம் குழாய் என்று காலந்தோறும் சேர்க்கப்பட்டு, கலியாவூரிலிருந்து நான்காம் குழாய்த் திட்டமும் நிறைவேறியிருக்கிறது. வரும் நீரின் அளவு கூடியது. ஆனால் எல்லா நேரமும் குழாயில் நீர் இருப்பதில்லை என்ற நிலை மாறவில்லை. இடைவிட்டு வழங்குவதில் ஒரு சுகாதாரக் கேடு உண்டு. குழாய் நிறைந்து அழுத்தத்தில் இருக்கும்வரை அதன் விரிசல்களில் நீர் வெளியேறுமே தவிர எதுவும் உள்ளே வராது. குழாய் காலியாகும் நேரத்தில் உள்ளே வெற்றிடம் உண்டாகி, அருகிலுள்ள சாக்கடைக் கசிவு அதே விரிசல் வழியே உறிஞ்சப்படுகிறது. அதற்காகவே குழாயின் கடைசி வீட்டிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கவேண்டும் என்று விதி சொல்கிறது. தண்ணீர் வரும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முன்னிருக்கும் வீடுகள் மோட்டார் வைத்து இழுத்தால், தெருக்கோடியில் குடத்தை வைத்துக் காத்திருப்பவருக்குக் காற்றுத்தான் வரும். ஆற்றில் தலைமடை, கடைமடை என்று நடக்கும் வழக்கு இங்கே தெருவுக்குள் நடக்கிறது. தீர்ப்பாயம் இதற்கு இல்லை. எஞ்சிய இடைவெளியை லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் நிரப்புகின்றன. ஒரே அளவு நீருக்குக் குழாய் இணைப்பு உள்ளவரைவிட இல்லாதவர் பன்மடங்கு விலை கொடுக்கும் வினோதம் இந்திய நகரங்கள் பலவற்றுக்கும் பொதுவானது.

வல்லநாட்டுக்கு வரும் நீரின் தரம் தூத்துக்குடியின் கையில் இல்லை என்பது இன்னொரு கவலை. நீரெடுக்கும் இடத்துக்கு மேலே திருநெல்வேலி மாநகரம் இருக்கிறது. அதன் கழிவுநீர் ஆற்றில் கலப்பது நெடுநாள் புகார். எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் 2024 நவம்பரில் ஆற்றங்கரைக்கே நேரில் வந்து பார்வையிட்டனர். மேல்நகரம் கழிவுநீரைச் சுத்திகரிக்கச் செலவிட்டால் அதன் முதற்பயன் கீழ்நகரத்துக்குப் போகிறது. செலவிடாவிட்டால் அதன் கேட்டையும் கீழ்நகரமே சுமக்கிறது. இரண்டு மாநகராட்சிகளும் ஒரே ஆற்றில் இருந்தும், செலவையும் பயனையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்க்கும் ஆற்றுப்படுகை அமைப்பு ஒன்று இல்லாத குறை இங்கேதான் வெளிப்படுகிறது.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த மழை இவ்வமைப்பின் மற்றொரு பலவீனத்தைக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆண்டு முழுதும் பெய்வதைவிட மிகுதி. ஆற்று வெள்ளம் உறைகிணறுகளையும் நீரேற்று நிலையங்களையும் மூழ்கடித்து, குழாய்களைச் சேதப்படுத்தியதால், மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் குடிநீரின்றி வெளியூர் லாரிகளை நம்பின. ஓர் ஆற்றின் ஒரே நீட்சியில் எல்லாத் திட்டங்களின் தலைமை நிலையங்களும் அடுத்தடுத்து அமைந்திருப்பதன் விளைவு இது. வறட்சியை மட்டுமே மனத்தில் கொண்டு வகுத்த திட்டம் வெள்ளத்தில் வீழ்ந்தது.

இனி எஞ்சியிருக்கும் வழிகளாகப் பேசப்படுபவை இரண்டு: கழிவுநீர், கடல்நீர். பெரிய ஆறில்லாத துறைமுக நகரமான சிங்கப்பூர், 1962-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மலேசியாவின் ஜொகூரிலிருந்து நீர் பெற்றாலும், அந்த உடன்பாடு 2061-இல் முடிவடையும் என்பதை மனத்திற்கொண்டு, 2003 முதல் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி முதன்மையாக ஆலைகளுக்கு வழங்கிவருகிறது. அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை; சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு செய்யப்பட்ட கழிவுநீர் தொழிற்சாலைகளுக்குக் குழாய் வழியே செல்கிறது. நகரம் ஒருமுறை பயன்படுத்திய நீரை ஆலை மறுமுறை பயன்படுத்துவது இயல்பான வரிசை. தூத்துக்குடியிலோ ஆலைக்குப் புதிய ஆற்றுநீர் சென்றுகொண்டிருக்க, நகரின் கழிவுநீரில் பெரும்பகுதி ஓடைகள் வழியே கடலைத் தேடுகிறது. கடல்நீரை நன்னீராக்குவதில் திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலையில் நாளுக்கு 6 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. சென்னைக்கு மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் பயன்படும் அதே எதிர்ச்சவ்வூடு பரவல் முறைதான் இதுவும்: உப்பை விடாமல் நீரை மட்டும் விடும் சவ்வின் வழியே மிகுந்த அழுத்தத்தில் கடல்நீரைச் செலுத்துவது. இதற்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும். எடுத்த நீரில் பாதிக்கு மேல் ஏறக்குறைய இரு மடங்கு உப்புடன் கடலுக்கே திரும்பும். அந்தக் கடல், 21 தீவுகளைக் கொண்டு 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா. பவளப் பாறைகளும் முத்துச்சிப்பிப் பார்களும் உள்ள ஆழங்குறைந்த நீர். அடர் உப்புநீரை எவ்வளவு தொலைவில், எந்த நீரோட்டத்தில் விடுவது என்பது பொறியியல் குறிப்பாக மட்டும் கொள்ளத்தக்கதன்று.

இதற்கிடையே புதிய தேவைகள் வந்துகொண்டிருக்கின்றன. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலை 2025-இல் திறக்கப்பட்டது, வ.உ.சி. துறைமுகம் பசுமை ஹைட்ரஜன் மையங்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. மின்சாரத்தால் நீரைப் பிளந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க, வேதியியல் கணக்குப்படியே குறைந்தது 9 லிட்டர் தூய நீர் வேண்டும். நடைமுறையில் அதற்கும் மேல். ஆலைகள் கடல்நீருக்கு மாறினால் ஆற்றில் நாளுக்குப் பல கோடி லிட்டர் மிச்சப்படும் என்பது கடல்நீர்த் திட்டங்களுக்குச் சொல்லப்படும் முதன்மையான நியாயம். மிச்சப்படும் நீர் கோரம்பள்ளம் குளத்துக்கா, அத்திமரப்பட்டியின் தெருக்கோடிக் குழாய்க்கா, புன்னைக்காயலில் உப்பேறிவரும் கழிமுகத்துக்கா என்பதை, கடல்நீர் நிலையத்துக்கு ஒப்பந்தம் போடும்போதே எழுதிவைக்கவேண்டும். எழுதப்படாத பங்கை அடுத்துவரும் தொழிற்பேட்டை தன் விண்ணப்பத்தில் உபரி என்றே குறிப்பிடும்.